திட்டும் பயிற்சியாளரும் திட்டாத பயிற்சியாளரும்: ஒரு வாலிபால் அணியின் ஒரு பருவம்

பின்னணி

பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பெண்களின் வாலிபால் அணி ஒன்றில் ஒரு பருவம் முழுக்க நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். யாரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். அணியில் பருவத் தொடக்கத்தில் 16 பேர் இருந்தார்கள். மூத்தவளுக்கு 17 வயது, இளையவளுக்கு 13. வாரத்தில் ஐந்து மாலை, நாளுக்கு இரண்டு மணி நேரம் பயிற்சி. நான் ஒரு காலத்தில் செட்டராக (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவராக) ஆடியவன். பிறகு சில ஆண்டுகள் புதிய பயிற்சியாளர்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். இந்த அணியில் எனக்குப் பொறுப்பு எதுவும் கிடையாது. "வந்து பார்த்துவிட்டு என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்" என்று நிர்வாகக் குழு அழைத்ததால் போனேன்.

அணியைப் பதினொரு ஆண்டுகள் பயிற்றுவித்தவர் ஒரு மூத்தவர். மைதானத்துச் சுற்றுச்சுவருக்கு வெளியே நின்றாலும் அவர் குரல் கேட்கும். அவர் கையில் அணி கோப்பைகள் வென்றிருக்கிறது. அவரிடம் ஆடிய பழைய பெண்களில் சிலர் இன்றும் அவரைக் கண்டால் எழுந்து நிற்கிறார்கள். சிலர் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள்.

பருவம் தொடங்கிய மாதத்தில் இரண்டு பெண்கள் ஒரே வாரத்தில் அணியை விட்டு நின்றார்கள். அவர்களில் ஒருத்தியின் தந்தை நான்கு நாள் பயிற்சியைக் கைபேசியில் படம் பிடித்து, புகாரோடு சேர்த்துக் குழுவிடம் கொடுத்தார். குழு கூடியது. "அடியாத மாடு படியாது" என்று ஒரு உறுப்பினர் சொன்னாராம். மற்றவர்களுக்கு அது ஏற்கவில்லை. மூத்தவரை ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு, சான்றிதழ்ப் படிப்பு முடித்த இளம் பெண் ஒருவரைப் பயிற்சியாளராக நியமித்தார்கள். அவருக்கு வயது 26. பழையவர் "சார்" என்றால், இவர் முதல் வாரத்திலேயே "அக்கா" ஆகிவிட்டார்.

மூன்று மாதம் கழித்து

நான் போனபோது மைதானத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒருவர் விடாமல் 14 பேரும் வந்திருந்தார்கள். குழுவினர் முகத்தில் மட்டும் நிம்மதி இல்லை. மூன்று மாதத்தில் அணி ஆடிய நட்புப் போட்டிகளில் பெரும்பாலானவற்றில் தோற்றிருந்தது. தோல்வியைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். அணித்தலைவி, அவள்தான் செட்டர், வேறு அணிக்குப் போகப்போவதாகச் சொன்னதுதான் அவர்களை உலுக்கியிருந்தது.

அவளிடம் தனியாகப் பேசினேன். "சாரிடம் திட்டு வாங்கினால் எதற்காக என்று தெரியும். அக்காவிடம் பாராட்டு வாங்கினால் எதற்காக என்று தெரியவில்லை" என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்தை அன்றிரவு திரும்பத் திரும்ப யோசித்தேன். குழு கேட்டது வேறு கேள்வி: கண்டிப்பா, கனிவா, எது வேண்டும்? பழையவரைத் திரும்ப அழைப்பதா, புதியவருக்கு இன்னும் அவகாசம் கொடுப்பதா? பயிற்சியாளரைப் பற்றிய பேச்சு எங்கும் இப்படித்தான் குரலின் உயரத்தில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. 1930களின் இறுதியில் உளவியலாளர் கர்ட் லெவினும் அவருடைய சகாக்களும் சிறுவர் குழுக்களில் அதிகார முறை, கலந்து முடிவெடுக்கும் முறை, கட்டற்று விடும் முறை என்று மூன்றைச் சோதித்துப் பார்த்ததிலிருந்தே பிரிவினை இப்படி நிலைத்துவிட்டது. அதிகார முறையில் இருந்த சிறுவர்கள் தலைவர் அறையை விட்டுப் போனதும் வேலையைப் போட்டுவிட்டார்கள் என்பது அதில் பலரும் எடுத்துச் சொல்லும் செய்தி. ஆனால் அந்தப் பெண் சொன்னது இந்த மூன்று பெட்டிகளில் எதிலும் அடங்கவில்லை.

எண்ணிப் பார்த்த முறை

அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் வூடனின் கடைசிப் பருவமான 1974-75இல், ரொனால்ட் கலிமோர், ரோலண்ட் தார்ப் என்ற இரண்டு உளவியலாளர்கள் அவருடைய 15 பயிற்சிகளுக்குப் போய் உட்கார்ந்து, அவர் வாயிலிருந்து வந்த ஒவ்வொன்றையும் வகைப்படுத்தினார்கள். மொத்தம் 2,326. பன்னிரண்டு ஆண்டுகளில் பத்து முறை பட்டம் வென்றவர் வீரர்களைத் தட்டிக்கொடுத்தும் உசுப்பேற்றியும்தான் வென்றிருப்பார் என்று நினைத்திருந்தவர்களுக்கு அந்தக் கணக்கு ஏமாற்றம் தந்திருக்கும். பாதிக்குச் சற்று மேல் வெறும் விளக்கம்: எப்படிச் செய்வது, எங்கே நிற்பது. பாராட்டு 6.9 விழுக்காடு. கடிந்துகொண்டது 6.6. இரண்டும் ஏறக்குறைய சமம், இரண்டுமே குறைவு. இன்னொரு 8 விழுக்காடு கடிந்த கையோடு சரியான முறையையும் சொன்னது.

நானும் அதையே எளிமையாகச் செய்தேன். தாளில் நான்கு பத்தி: சொல்லித் தருவது, கடிவது, பாராட்டும் ஆறுதலும், உசுப்பேற்றுவது. இளம் பயிற்சியாளரின் பயிற்சிகளில் உட்கார்ந்து எண்ணினேன். மூத்தவருக்கு அந்தத் தந்தை எடுத்த படம் இருந்தது. புகாருக்கென்று எடுத்ததுதான் எங்களிடம் இருந்த ஒரே ஆவணம். கோபத்தோடு எடுத்த படம் என்பதை மனதில் வைத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் நான்கு நாளும் இடையில் வெட்டாமல் ஓடியிருந்தது. இருவருக்கும் ஒரே அளவு நேரத்தை எடுத்துக்கொண்டேன்.

எண்ணுவதற்கு முன் இருவரையும் தனித்தனியே சந்தித்து, தாங்கள் பேசுவதில் எது எவ்வளவு இருக்கும் என்று கேட்டேன். மூத்தவர் "திட்டுவது எப்போதாவது" என்றார். இளையவர் "பாதிக்கு மேல் நுணுக்கம்தான் சொல்லித் தருகிறேன்" என்றார்.

கணக்கில் வந்தது

மூத்தவரின் படத்தில் 612 சொற்கள் (ஒரு சொல் என்றால் ஒரு மூச்சில் சொன்னது). அவற்றில் 331 சொல்லித் தருபவை. கடிந்தது 148. உசுப்பேற்றியது 114. பாராட்டு வெறும் 19.

இளையவரிடம் 540. பாராட்டும் ஆறுதலும் 287. உசுப்பேற்றியது 121. சொல்லித் தந்தது 126. கடிந்தது 6.

அதாவது, குரலை ஒதுக்கிவிட்டு உள்ளே இருக்கும் செய்தியை மட்டும் பார்த்தால், திட்டுகிறவர் இளையவரைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் கற்றுக்கொடுத்திருந்தார். எனக்கே இது பிடிக்கவில்லை. நானும் கனிவின் பக்கம் சாய்ந்தவன்தான். தவறாக எண்ணிவிட்டேனோ என்று ஒரு நாள் படத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை.

ஒரு மாலையை விவரித்தால் இன்னும் தெளிவாகும். எதிரணி சர்வீஸை எடுத்துச் செட்டரிடம் சேர்க்கும் பயிற்சி. ஒரு பெண் எடுத்த பந்து செட்டர் நிற்கும் இடத்திலிருந்து மூன்று எட்டு பின்னால் விழுகிறது. "அருமை" என்கிறார் இளையவர். அடுத்த பந்து செட்டரின் தலைக்கு மேல் நேராக வந்து இறங்குகிறது. "அருமை." மூன்றாவது பந்து கையில் பட்டுச் சுவரை நோக்கிப் பறக்கிறது. "பரவாயில்லை, அடுத்த பந்து." நான்காவது பந்துக்கு அந்தப் பெண் அவர் பக்கம் திரும்பவே இல்லை. எடுத்த பந்தை அவளே கண்ணால் தொடர்ந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். அவளுக்குத் தன் பந்து எங்கே போனது என்று தெரிகிறது. ஏன் போனது என்றுதான் தெரியவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் கைதட்டிக்கொண்டிருந்தார்.

மூத்தவரின் படத்தில் இதே பயிற்சி. "எத்தனை தரம் சொல்வது! பந்து வந்த பிறகா கால் நகர்த்துவாய்? அவள் பந்தை மேலே போடும்போதே நகர்!" கேட்கச் சகிக்கவில்லை. ஆனால் சர்வீஸ் போடுகிறவள் பந்தை மேலே எறியும்போதே நகர வேண்டும் என்பது அதில் இருக்கிறது. செட்டர் பெண் இழந்ததாக நினைத்தது இதைத்தான்.

அவருடைய கணக்கிலும் ஒரு கறை இருந்தது. கடிந்த 148இல் 90, சரியான முறையைச் சேர்த்துச் சொன்னவை. மீதி 58 வெறும் வசை. அந்த 58இல் 41 மூன்று பெண்கள் மீதே விழுந்திருந்தன. மூவரும் அணியில் ஆட்டம் குறைந்தவர்கள். நின்றுபோன இருவர் அந்த மூவரில் அடக்கம். மூன்றாமவள் இன்னும் அணியில் பதிலி ஆட்டக்காரியாக இருந்தாள். ஆக, நன்றாக ஆடுகிறவர்களுக்கு அவர் கடுமையான ஆசிரியர். ஆடத் தெரியாதவர்களுக்கு அவர் ஆசிரியரே அல்ல.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

இந்தியாவில் பிறந்து கனடாவில் ஆய்வு செய்த பாக்கியநாதன் செல்லதுரை, 1980இல் சாலே என்பவரோடு சேர்ந்து பயிற்சியாளரின் நடத்தையை அளக்க ஓர் அளவுகோல் வகுத்தார். சொல்லித் தருவது, ஆட்டக்காரர்களோடு கலந்து முடிவெடுப்பது, தானே முடிவெடுப்பது, தனிப்பட்ட அக்கறை, பாராட்டு என்று அதில் ஐந்து கூறுகள். பயிற்சியாளர் உண்மையில் நடந்துகொள்வது, சூழல் கேட்பது, ஆட்டக்காரர் விரும்புவது ஆகிய மூன்றும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதே அவருடைய அடிப்படைக் கேள்வி. அந்த ஐந்தை வைத்துப் பார்த்தபோது எங்கள் இரண்டு பயிற்சியாளர்களும் எதிரெதிர்த் துருவங்களாகத் தெரியவில்லை. ஒருவரிடம் இருந்தது மற்றவரிடம் இல்லை, அவ்வளவுதான்.

குழுவிடம் நான் வைத்தது இவை. இளையவரே தலைமைப் பயிற்சியாளராகத் தொடர வேண்டும். மூத்தவர் வாரத்தில் இரண்டு நாள், சர்வீஸ் எடுப்பதற்கும் பிளாக்குக்கும் (எதிரணி அடிக்கும் பந்தை வலையருகே எம்பித் தடுப்பதற்கும்) மட்டும் வரவேண்டும். மூத்தவருக்கு ஒரு நிபந்தனை: யாரைக் கடிந்தாலும் அதே மூச்சில் சரியான முறையைச் சொல்ல வேண்டும், சொல்ல எதுவும் இல்லையென்றால் வாய் திறக்கக் கூடாது. இளையவருக்கு ஒன்று: மூன்று பந்து முடியும்வரை பேசக் கூடாது, பிறகு ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

மூத்தவரை முழுவதுமாக அழைக்காததற்குக் காரணம் அந்த மூன்று பெண்கள். சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களிடம் ரொனால்ட் ஸ்மித், ஃபிராங்க் ஸ்மோல் ஆகியோர் செய்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்தது ஒன்று உண்டு: பயிற்சியாளரின் நடத்தை, தன்னம்பிக்கை குறைந்த பிள்ளைகளைத்தான் அதிகம் பாதிக்கிறது. அவர்கள் பங்கேற்று 1992இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஊக்கமும் விளக்கமும் தரும் முறையைக் கற்ற பயிற்சியாளர்களின் பிள்ளைகளில் 5 விழுக்காட்டினர்தான் மறு ஆண்டு ஆட்டத்தை விட்டார்கள். அந்தப் பயிற்சி பெறாதவர்களிடம் 26 விழுக்காடு. வெற்றி தோல்வியில் வேறுபாடு இல்லை. "அப்படியானால் கோப்பைக்கு எது நல்லது?" என்று கேட்ட உறுப்பினருக்கு, யார் மிஞ்சுவார்கள் என்பதும் கோப்பைக் கணக்கில்தான் சேரும் என்றேன். அவர் சமாதானம் அடைந்ததாகத் தெரியவில்லை.

"மூன்று பந்து மௌனம்" என்பதற்கும் காரணம் உண்டு. ஒவ்வொரு முயற்சிக்கும் உடனே திருத்தம் சொன்னால், கற்பவர் அந்தத் திருத்தத்தில் சாய்ந்துகொள்கிறார், அது இல்லாதபோது தடுமாறுகிறார். இடைவெளி விட்டுச் சொன்னால் பயிற்சியின்போது முன்னேற்றம் மெதுவாகத் தெரிந்தாலும் பின்னால் நிலைக்கிறது. உடல் அசைவுகளை எப்படிக் கற்கிறோம் என்று பார்க்கும் இயக்கக் கற்றல் ஆய்வுகள் 1990 வாக்கிலிருந்தே இதைச் சொல்லி வருகின்றன. இளையவர் இதைப் படித்திருந்தார், தேர்விலும் எழுதியிருந்தார். மைதானத்தில் நிற்கும்போது மௌனமாக இருப்பது வேலை செய்யாமல் சம்பளம் வாங்குவதுபோல் இருக்கிறது என்றார். நேர்மையான பதில்.

இருவரிடமும் எண்ணிக்கையைத் தனித்தனியே காட்டினேன். இளையவருக்குக் கண் கலங்கியது. மறுநாளே தாளும் பேனாவும் கொண்டுவந்து தன்னைத் தானே எண்ணத் தொடங்கினார். மூத்தவர் "இந்த 19ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் வரச் சம்மதித்தார்.

முதல் மூன்று வாரத்தில் செய்த பிழை

இந்தப் பகுதியில் தவறு என்னுடையது. மௌனத்தோடு கேள்வி கேட்கும் முறையையும் சேர்த்துப் பரிந்துரைத்திருந்தேன். பிழை நேர்ந்தால் "நீயே சொல், என்ன நடந்தது?" என்று கேட்க வேண்டும். 16, 17 வயதுப் பெண்களிடம் அது அழகாக வேலை செய்தது. செட்டர் ஒரே வாரத்தில் மற்றவர்களுக்கு விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டாள். ஆனால் 13, 14 வயதில் நான்கு பேர் இருந்தார்கள். சர்வீஸ் எடுக்கவே தடுமாறுகிறவர்கள். அவர்களிடம் "என்ன நடந்தது?" என்றால் அது கேள்வியாகக் கேட்கவில்லை, குறுக்கு விசாரணையாகக் கேட்டது. ஒருத்தி "தெரியவில்லை அக்கா" என்று ஒரே மாலையில் ஒன்பது முறை சொன்னாள். மூன்று பந்து மௌனமும் அவர்களுக்கு வேறு பொருள் தந்தது: அக்காவுக்கு நம்மேல் கோபம்.

நான்காம் வாரம் அதை மாற்றினோம். தொடக்கநிலைப் பெண்களுக்குக் கேள்வி இல்லை. செய்து காட்டுவது, ஒரு வரி சொல்வது, மறுபடி செய்து காட்டுவது. சொல்லும் வரியையும் மாற்றினோம். "முழங்கையை மடக்காதே, தோளை முன்னே கொண்டு வா" என்று உடம்பைப் பற்றிச் சொல்வதற்குப் பதில் "பந்து அந்த வலையின் மேல்நுனியை நோக்கிப் போகட்டும்" என்று பந்து போய்ச் சேர வேண்டிய இடத்தைச் சொல்வது. கவனம் உடலின் மேல் இல்லாமல் செயலின் விளைவின் மேல் இருக்கும்போது அசைவு தானாக ஒழுங்குபடுகிறது என்று இயக்கக் கற்றல் ஆய்வாளர் கேப்ரியேல் வுல்ஃப் 1998 முதல் காட்டிவருவது இதைத்தான். இதில் வேடிக்கை என்னவென்றால் மூத்தவர் இதைப் படிக்காமலேயே பல ஆண்டுகளாகச் செய்துவந்திருக்கிறார். "அவள் பந்தை மேலே போடும்போதே நகர்" என்பதும் இந்த வகைதான். அவரைப் பார்த்து இளையவர் கற்றுக்கொண்டார்.

பின்பு நடந்தது

பன்னிரண்டு வாரம் இப்படிப் போனது. தொடக்கத்தில் ஒரு நட்புப் போட்டியில் எண்ணியபோது 100 சர்வீஸுக்கு 41 பந்துகள் செட்டர் நகராமல் வாங்கும் இடத்துக்கு வந்தன. கடைசியில் 58. இதை முழுக்க எங்கள் கணக்கில் வரவு வைக்க முடியாது. எதிரணிகள் வேறு, பெண்கள் மூன்று மாதம் வளர்ந்திருந்தார்கள், செட்டர் போகாமல் இருந்ததே பாதி காரணமாக இருக்கலாம்.

பருவத்தின் பெரிய போட்டியில் அணி அரையிறுதி வரை போய், ஐந்தாவது செட்டில் 13-15 என்று தோற்றது. அந்த ஐந்தாவது செட்டில் ஒரு டைம் அவுட். முப்பது விநாடிதான் கிடைக்கும். மூன்று மாதம் முன்பு இதே டைம் அவுட்டில் இளையவர் ஏழெட்டு விஷயம் சொல்லி முடிப்பதற்குள் விசில் ஊதியிருக்கும். இம்முறை அவர் பத்து விநாடி ஒன்றும் சொல்லவில்லை. பெண்கள் தண்ணீர் குடித்தார்கள். பிறகு செட்டரைப் பார்த்து, "அவர்கள் பிளாக் எங்கே தாமதமாகிறது?" என்றார். "நடுவில்" என்றாள். "அப்படியானால் நடுவிலேயே போடு." அடுத்த நான்கில் மூன்று புள்ளிகள் நடுவில் வந்தன. கடைசி இரண்டு புள்ளிகளை எதிரணி நேர்த்தியாக எடுத்தது. அதற்கு யார் மேலும் குறை சொல்ல முடியாது.

மூத்தவர் முதல் வாரம் நிபந்தனையை இரண்டு முறை மீறினார், பிறகு பெரும்பாலும் காத்தார். பாராட்டு மட்டும் அவருக்கு வரவே இல்லை. நல்ல பந்து விழுந்தால் லேசாகத் தலையை அசைப்பார். அந்தத் தலையசைப்புக்காகப் பெண்கள் காத்திருந்ததை நான் பார்த்தேன்.

மீண்டும் செய்வதானால்

ஆளை மாற்றுவதற்கு முன் எண்ணியிருக்க வேண்டும். குழு அவசரப்பட்டதால் இளையவர் மூன்று மாதம் எதை மாற்றுவது என்றே தெரியாமல் தவித்தார். கேள்வி கேட்கும் முறையைத் தொடக்கநிலையினரிடம் முயன்றிருக்கவே மாட்டேன்.

பெண்களிடம் முன்னதாகவும் விரிவாகவும் கேட்டிருப்பேன். பயிற்சியாளர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை அவரைவிட அவரிடம் ஆடும் பிள்ளைகள் சரியாகச் சொல்கிறார்கள் என்பது ஸ்மித்தும் ஸ்மோலும் அப்போதே கண்டதுதான். தெரிந்திருந்தும், செட்டரோடு மட்டும் பேசிவிட்டு எண்ணும் தாளை நம்பினேன். என் தாளில் நான்கு பத்திதான் இருந்தது. ஐந்தாவது ஒன்று தேவைப்பட்டது என்பதைப் பருவம் முடிந்த பிறகு அந்தப் பதிலி ஆட்டக்காரி சொல்லித்தான் தெரிந்தது. திட்டு வாங்கிய மூவரில் மிச்சமிருந்தவள் அவள்.

"சார் திட்டுவது எங்களுக்குப் பழகிவிட்டது. எல்லோரையும் பெயர் சொல்லித் திட்டுவார். எங்கள் மூன்று பேரை மட்டும் 'ஏய்' என்பார்."

வீட்டுக்குப் போய் நான்கு நாள் படத்தையும் இன்னொரு முறை ஓட்டினேன். அவள் சொன்னது சரி. மூவரில் ஒருத்தியின் பெயர் ஒரே ஒரு இடத்தில் வந்தது, சிதறிய பந்துகளைப் பொறுக்கச் சொன்னபோது. அதையும் தவறாகத்தான் சொன்னார். மறுநாள் அந்த இடத்தை மட்டும் அவருக்குப் போட்டுக் காட்டினேன். மூன்று முறை பார்த்தார். பிறகு, அந்தப் பெண்ணின் பெயரைச் சரியாக எப்படிச் சொல்ல வேண்டும் என்று என்னைக் கேட்டார். அவரிடம் மூன்று ஆண்டு ஆடிவிட்டு நின்றுபோனவள் அவள்.